பாபட்லாவுக்குத் தாய் தகப்பன் யார்?

ஊத்துக்கோட்டையைத் தாண்டி சுருட்டப்பள்ளிப் பக்கம் போனால் எங்கே தமிழ்நாடு முடிகிறது, எங்கே ஆந்திரா ஆரம்பிக்கிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். வயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பக்கமும் நெல், அந்தப் பக்கமும் நெல், பல இடங்களில் ஒரே நெல். நாங்கள் அதைப் பாபட்லா என்போம், விதைக்கடையில் பி.பி.டி. என்று கேட்டு வாங்குவோம், அந்தப் பக்கத்து ஆட்கள் சாம்பா மசூரி என்பார்கள், அதுவே செங்குன்றம் மண்டியில் அரிசி மூட்டையாகி சென்னைக்கு ஏறும்போது ஆந்திரா பொன்னி ஆகிவிடும். போன சம்பா பட்டத்தில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா, நீதான் விவசாயம் படிச்சவனாச்சே, இந்தப் பாபட்லாவ யாரு கண்டுபுடிச்சது? காட்டுல கெடந்துச்சா, இல்ல மெஷின்ல செஞ்சாங்களா?"

ரெண்டும் இல்லை பெரியப்பா, அதுக்குத் தாய் தகப்பன் உண்டு, தாத்தா பாட்டி உண்டு, கல்யாணம் பண்ணி வைத்த ஆளும் உண்டு என்று மட்டும் சொன்னேன். நடவு ஆட்கள் நாற்றுக்கட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்ததால் பேச்சு அதோடு நின்றுபோனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பயிர் இனப்பெருக்கம், அதாவது புது ரகம் உருவாக்குகிற வேலை, என்று பாடப்புத்தகத்தில் பார்த்தால் பெரிய சமாச்சாரம் போலத் தெரியும். படிக்கிற காலத்தில் ஒரு பருவம் முழுக்க இனப்பெருக்கத் திடலில் சேற்றில் நின்றவன் என்ற முறையில் நான் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்க்க, அதாவது ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்க்க, ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் போதும், அதற்கப்புறம் பத்து வருஷம் நடக்கிற வேலையெல்லாம் வேண்டாததைக் கழிப்பதுதான்.

கழிக்க வேண்டுமென்றால் முதலில் வித்தியாசம் வேண்டும். எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருந்தால் எதை எடுப்பது, எதை விடுவது? நம் முன்னோர்கள் செய்ததும் இதுதான். களத்துக்குப் போகும் முன் நல்ல கதிராகப் பார்த்து ஒடித்துத் தனியாகக் கட்டி வைத்து, அடுத்த பட்டத்துக்கு அதையே விதைத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கித்தான் காட்டுப்புல் நெல்லாக மாறியது. ஆனால் பொறுக்குவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வரப்போரமாக நிற்கிற பயிரைக் கவனித்திருப்பீர்கள், நடு வயலில் இருப்பதைவிடத் தூர் அதிகம், கதிரும் பெரிசு. அதை எடுத்து விதைத்தால் அடுத்த வருஷம் எல்லாம் அப்படி வருமா? வராது. வரப்போரப் பயிருக்கு ஒரு பக்கம் போட்டிக்கு ஆள் இல்லை, வெயிலும் எருவும் கூடக் கிடைத்தது, அவ்வளவுதான். அந்தச் செழிப்பு இடத்தால் வந்தது, விதையில் ஏறாது. கண்ணால் பார்க்கிற வித்தியாசத்தில் எவ்வளவு மண்ணும் நீரும் கொடுத்தது, எவ்வளவு பிறவியிலேயே வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் பாதி படிப்பு. டென்மார்க்கில் யோகான்சன் என்பவர் 1903-இல் பீன்ஸ் விதைகளை வைத்து இதைக் காட்டினார். ஒரே செடியிலிருந்து தானாகவே சூல்கொண்டு வந்த வம்சத்துக்குள் பெரிய விதையைப் பொறுக்கி விதைத்தாலும் சரி, சின்ன விதையைப் பொறுக்கி விதைத்தாலும் சரி, அடுத்த தலைமுறையில் சராசரி எடை மாறவே இல்லை. வம்சத்துக்கு வம்சம்தான் வித்தியாசம். ஒரு வம்சத்துக்குள் பொறுக்குவது வீண் வேலை.

இதை வைத்தே நல்ல ரகங்கள் கிடைத்திருக்கின்றன. கோயம்புத்தூரில் 1912-இல் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அங்கே இருந்த பார்னெல் போன்றவர்கள் முதலில் செய்தது ஊர் ஊராக விளைந்த நெல்லைக் கொண்டுவந்து தனித்தனிச் செடியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்ததுதான். அதில் கோணாமணி என்கிற ரகத்தில் ஒரு செடி மட்டும் வேறு மாதிரி சன்னமான மணியோடு நின்றது. இயற்கையாக நேர்ந்த மரபு மாற்றம். அதைத் தனியாகப் பெருக்கி 1921-இல் வெளியிட்டார்கள், பெயர் ஜி.இ.பி. 24. நம் தாத்தாக்கள் கிச்சிலிச் சம்பா என்று சொன்னது இதைத்தான். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பொறுக்குவதில் ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாது. இருப்பதில் நல்லதை எடுக்கலாம், இல்லாததை எங்கே போய் எடுப்பது? ஒரு நெல்லில் ருசி இருக்கிறது, ஆள் உயரம் வளர்ந்து சாய்ந்துவிடுகிறது. இன்னொன்று குட்டையாக நின்று விளைகிறது, சோறு வாயில் வைக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் வழி. நெல்லோ தனக்குத்தானே கல்யாணம் பண்ணிக்கொள்கிற ஜாதி. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் இருக்கின்றன, பூ விரிகிற நேரத்திலேயே தன் மகரந்தம் தன் மேலேயே கொட்டிவிடும், பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்து சேர்வது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. கம்பு, மக்காச்சோளம் எல்லாம் வேறு மாதிரி, காற்றில் பறக்கிற மகரந்தத்தை நம்பிப் பிழைப்பவை, அவற்றுக்கு வேலை முறையும் வேறு. இங்கே நெல்லைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஒட்டுச் சேர்ப்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தால் மறக்காது. சாயங்காலம் தாய்ச் செடியைச் சேற்று மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். கதிர் பாதி வெளியே வந்திருக்கும். மறுநாள் விரியப்போகிற பூக்களை மட்டும் விட்டுவிட்டு, மேலே ஏற்கெனவே விரிந்து முடிந்ததையும் கீழே இன்னும் பச்சையாக இருப்பதையும் கத்தரித்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பூவின் உமியையும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு சாய்வாக வெட்டுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு மகரந்தப்பைகள், நடுவில் இறகு போலப் பிரிந்த சூல்முடி. நுனி மெலிந்த இடுக்கியால் ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். ஐந்து எடுத்து ஒன்றை விட்டால் அந்தப் பூ தானே சூல்கொண்டுவிடும், ஒட்டு என்று நினைத்து வளர்த்துப் பார்த்தால் அப்பட்டமாக அம்மாவே மறுபடி நிற்கும். எனக்கு முதல் வாரத்தில் பத்துக்கு ஏழு பூ இப்படித்தான் போனது. சூல்முடியில் இடுக்கி பட்டால் அதுவும் போச்சு. முடிந்ததும் வெண்ணெய்த்தாள் பையை மாட்டி, கிளிப் போட்டு, தேதி எழுதிக் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறும்போது தகப்பன் செடியின் கதிர் பூக்க ஆரம்பிக்கும். மகரந்தப்பைகள் மஞ்சளாக வெளியே தொங்கும். அந்தக் கதிரை ஒடித்துக்கொண்டு போய், பையைத் திறந்து, வெட்டிய பூக்களின் மேலே வைத்து விரலால் மெல்லச் சுண்டினால் மஞ்சள் தூள் படியும். நெல் மகரந்தத்துக்குச் சில நிமிஷம்தான் உயிர், அதனால் அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், டீ வந்தாலும் ஆறித்தான் போகும். ஒரு மாசத்தில் உமி மூடாமல் பாதி வெளியே தெரிகிற அரைகுறை மணிகளாக விளையும். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் அதுதான் பொக்கிஷம்.

அந்த மணியை விதைத்தால் வருவது முதல் தலைமுறை. எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே கழிக்க ஒன்றும் இல்லை, தானே சூல்கொள்ள விட்டு நெல்லை எடுத்து மறுபடி விதைக்க வேண்டும். வேடிக்கை இரண்டாம் தலைமுறையில்தான். தாத்தா பாட்டி ரெண்டு பேர் குணமும் உடைந்து கலைந்து ஒவ்வொரு செடியிலும் வேறு வேறு விதமாகச் சேர்ந்து நிற்கும். உயரம், குட்டை, சீக்கிரம் பூப்பது, பூக்கவே பூக்காதது, சன்னம், மோட்டா, எல்லாம் ஒரே பாத்தியில். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் 1866-இல் எழுதியது இதன் கணக்கைத்தான். ஒவ்வொரு குணத்துக்கும் செடியிடம் இரண்டு சீட்டு இருக்கிறது, ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தகப்பன் கொடுத்தது. சில சீட்டு பலமானது, மற்றதை மறைத்துவிடும். மறைந்தது அழியாது, பேரன் காலத்தில் நாலில் ஒரு பங்கில் வெளியே வரும்.

இந்த நாலில் ஒன்றை உலகத்தின் பசியோடு சேர்த்துப் பார்க்க ஐ.ஆர். 8 கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ் என்பவர் பீட்டா என்ற உயரமான நெல்லையும், தைவானிலிருந்து வந்த டீ ஜியோ ஊ ஜென் என்ற குட்டை நெல்லையும் ஒட்டுச் சேர்த்தார். அங்கே செய்த எட்டாவது ஒட்டு அது. கிடைத்தது 130 மணி. முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டையாகவே நின்றது. இரண்டாம் தலைமுறையில் சுமார் 10,000 செடி, அதில் ஏறக்குறைய கால் பங்கு குட்டை. அப்படியே மெண்டல் கணக்கு. நெட்டையையெல்லாம் கழித்தார்கள், பூக்க நாளாவதைக் கழித்தார்கள், நோய் வந்ததைக் கழித்தார்கள். மிச்சத்தில் 288-ஆம் வரிசையில் மூன்றாவது செடி என்று குறித்து வைத்த ஒன்றுதான் 1966-இல் ஐ.ஆர். 8 ஆக வெளியே வந்தது. குட்டையாக இருப்பதால் எவ்வளவு உரம் போட்டாலும் சாயாது, தின்கிற சத்தைத் தண்டுக்குப் போடாமல் மணிக்குப் போடும். ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் ஆசண்டாவைச் சேர்ந்த நெக்கண்டி சுப்பாராவ் என்ற விவசாயி 1967-இல் அதைப் பயிரிட்டுக் காட்டிப் பேர் வாங்கியது தனிக் கதை.

ஒரு குணம் என்றால் நாலில் ஒன்று. பத்துக் குணம் வேண்டுமென்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மரபணு ஜோடி (மேலே சொன்ன இரண்டு சீட்டு) என்று வைத்துக்கொண்டாலும், பத்தும் நாம் விரும்பியபடி நிலையாக அமைந்த செடி இரண்டாம் தலைமுறையில் 10,48,576-க்கு ஒன்று. இருபது சென்டிமீட்டருக்குப் பத்து என்ற இடைவெளியில் குத்துக்கு ஒரு நாற்று வைத்து நட்டால் ஒரு ஏக்கருக்குச் சுமார் இரண்டு லட்சம் செடி பிடிக்கும், அப்படியென்றால் ஐந்து ஏக்கருக்கு மேல் தேடி ஒரு செடி. அதிலும் விளைச்சல் என்பது ஒரு மரபணு சமாச்சாரமே இல்லை, நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னதாக ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது. அதனால் யாரும் ஒரே தாவலில் எட்டிப் பிடிக்கப் பார்ப்பதில்லை. இரண்டாம் தலைமுறையில் கண்ணுக்குத் தெரிகிற குறைகளை மட்டும் கழிப்பார்கள். மீந்ததில் ஒவ்வொரு செடியின் கதிரையும் தனித்தனி உறையில் போட்டு, அடுத்த பட்டம் செடிக்கு ஒரு வரிசையாக நடுவார்கள். வரிசைக்குள் நல்ல செடி, அதன் கதிர் மறுபடி தனி வரிசை. யார் பிள்ளை யார் என்று நோட்டில் வம்சாவளி ஓடிக்கொண்டே இருக்கும். நெல் தானே சூல்கொள்வதால் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை பாதி பாதியாகக் குறைகிறது. இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றில் 25, நான்கில் 12.5, ஆறாவது வரும்போது 3 சதவீதம்தான் மிச்சம். அப்போது ஒரு வரிசை முழுக்க அண்ணன் தம்பி ஒரே முகமாக நிற்கும். விதை எடுத்துப் போட்டால் அதே வரும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

நான் வேலை பார்த்த திடலில் மூத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். கையில் மூங்கில் குச்சி, சட்டைப் பையில் சிவப்பு நூல். காலையில் வரிசை வரிசையாக நடந்து போவார். பிடித்த செடியில் நூல் கட்டுவார். நூறு வரிசைக்கு நாலைந்து நூல்தான் விழும். ஒருமுறை நல்ல பொன்னிறமாக, கதிர் நிறைந்து நின்ற செடியை விட்டுவிட்டுப் போனார். ஏன் ஐயா என்று கேட்டேன். கதிரைப் பிடித்துக் கொஞ்சம் உலுக்கச் சொன்னார், உலுக்கினேன், பத்துப் பதினைந்து மணி சேற்றில் விழுந்தது. "அறுக்கிறவனுக்குக் கூலி, எலிக்கு நெல்லு" என்றார், அவ்வளவுதான், அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் இவ்வளவு கவனமாக நோட்டு எழுதிக்கொண்டிருப்பதில்லை. சில தலைமுறைக்கு மொத்தமாக விதைத்து மொத்தமாக அறுத்து, கலப்பு தானாக அடங்கின பிறகு செடி பொறுக்குகிற முறையும் உண்டு. இப்போது வெளிச்சத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்திய அறைகளில் வருஷத்துக்கு நாலைந்து தலைமுறை எடுக்கிறார்கள், அதனால் வருஷங்கள் குறைகின்றன. கழிக்கிற வேலை குறைவதில்லை.

சரி, பாபட்லாவுக்கு வருவோம். ஆந்திரக் கடலோரத்தில் பாபட்லா என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986-இல் வெளிவந்ததால்தான் பி.பி.டி. 5204. தாய் வழியில் நம் கோயம்புத்தூர் ஜி.இ.பி. 24. அதோடு சேர்ந்தது தாய்ச்சுங் நேட்டிவ் 1, மேலே சொன்ன டீ ஜியோ ஊ ஜென் குட்டை நெல்லின் பிள்ளை. அந்த ஒட்டில் வந்ததோடு மறுபடி சேர்த்தது மசூரி. முதலாவது சன்ன மணியும் சோற்றுக் குணமும் கொண்டது, இரண்டாவது குட்டைத் தண்டைத் தந்தது, மூன்றாவது கதிருக்கு நிறைய சின்ன மணி பிடிக்கிற ரகம். மசூரி யார் என்று கேட்டால் அது இன்னும் சுவாரசியம். ஜப்பான் வகை நெல்லையும் நம் வகை நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் திட்டம் ஒன்று ஒடிசாவில் உள்ள கட்டாக்கில் நடந்தது. அதில் பிறந்து மலேசியாவுக்குப் போய் அங்கே பேர் எடுத்துத் திரும்பி வந்தது அது. தமிழ்நாட்டில் நாம் பெருமையாகச் சொல்கிற வெள்ளைப் பொன்னியும் அந்த மசூரியிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். ஆக, செங்குன்றம் மண்டிக்காரர் பாபட்லாவுக்கு ஆந்திரா பொன்னி என்று பேர் வைத்தது வியாபாரத் தந்திரமாக இருந்தாலும், உறவு முறை என்னவோ சரிதான்.

நம் மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. திருவள்ளூர் பக்கத்தில் திரூர்க்குப்பம் நிலையத்தில் 1952-இல் வெளியிட்ட டி.கே.எம். 6 என்ற நெல்லைத் தண்டு துளைப்பான் அவ்வளவாகத் தின்னாது. அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸுக்கு எடுத்துப் போனார்கள், 1969-இல் ஐ.ஆர். 20 ஆகத் திரும்பி வந்தது. நம் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஐ.ஆர். இருபது சோறுதான், அதில் திரூர் ரத்தம் ஓடியது பலருக்குத் தெரியாது. பழைய நெல்லா புது நெல்லா என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சலிப்பு வருவது இதனால்தான். பழையது இல்லாமல் புதியது செய்ய வல்லுநருக்குக் கையில் முதலே கிடையாது.

ரகம் நிலைத்ததும் உடனே மூட்டை கட்டி விற்க மாட்டார்கள். பக்கத்திலேயே பழக்கமான ஒரு ரகத்தை ஒப்பிட நட்டு, பல ஊரில், பல வருஷம், கடைசியில் விவசாயிகளின் வயலிலேயே போட்டுப் பார்ப்பார்கள். அறுத்து எடை போடும்போது வரப்போர வரிசைகளை ஒதுக்கிவிடுவார்கள், ஏனென்று உங்களுக்கே தெரியும். தேறினால் வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து நமக்குக் கிடைக்கிற சான்று விதை. மூட்டையில் தைத்திருக்கிற அட்டை மஞ்சள், வெள்ளை, நீலம் என்று அந்த வரிசையிலேயே வரும்.

இப்போது சித்தப்பா கதை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் வீரிய ஒட்டு நெல் விதை வாங்கி வந்து நவரைப் பட்டத்தில் நட்டார். விளைச்சல் அள்ளிக்கொண்டு வந்தது. விதை விலையை நினைத்து வயிறெரிந்தவர், விளைந்ததிலேயே இரண்டு மூட்டை நல்லதாகத் தூற்றி வைத்துக்கொண்டு அடுத்த சொர்ணவாரிப் பட்டத்துக்கு அதையே விதைத்துவிட்டார். கடையிலும் யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. பயிர் வளர வளர வயல் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. ஒன்று இடுப்பு உயரம், பக்கத்தில் முழங்கால். ஒரு பக்கம் பால் பிடித்து முற்றுகிறது, இன்னொரு பக்கம் இப்போதுதான் கதிர் வருகிறது. சில குத்துகளில் கதிர் நிமிர்ந்தே நின்றது, உருவிப் பார்த்தால் எல்லாம் பதர். அவர் விதை கெட்டுப்போச்சு என்றார். கெடவில்லை. அவர் விதைத்தது இரண்டாம் தலைமுறை, மேலே சொன்ன அதே கலைதல் அவர் வயலில் நடந்தது.

வீரிய ஒட்டு என்பது முதல் தலைமுறையையே விற்பது. இரண்டு தூரத்து உறவுகளைச் சேர்த்தால் முதல் பிள்ளைகள் பெற்றோரைவிடத் திடமாக வரும், அதைக் கலப்பு வீரியம் என்கிறோம். ஆனால் ஏக்கர் கணக்கில் ஒவ்வொரு பூவுக்கும் இடுக்கி பிடிக்க முடியாதல்லவா? சீனாவில் யுவான் லாங்பிங் குழுவினர் 1970-இல் ஹைனான் தீவில் மகரந்தம் உண்டாகாத ஒரு காட்டு நெல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. அந்த மலட்டுத்தன்மை தாய் வழியாக மட்டும் வருகிறது. மலட்டுத் தாய் ஒரு வரிசை, அந்தத் தாயின் விதையைப் பெருக்க ஒரு துணை வரிசை, பிள்ளைக்கு மகரந்தத்தைத் திருப்பித் தருகிற தகப்பன் ஒரு வரிசை என்று மூன்று வேண்டும். மலட்டுத் தாய் வழியில் வந்தாலும், தகப்பன் கொடுத்த மரபணு இருப்பதால் முதல் தலைமுறை நன்றாக மணி பிடிக்கும். அடுத்த தலைமுறையில் அந்த மரபணு சில செடிக்குப் போய்ச் சேராது, மலடு மட்டும் சேரும். சித்தப்பா உருவிப் பார்த்த பதர்க் கதிர்கள் அதுதான். கம்பெனி திட்டமிட்டு ஏமாற்றுகிறது என்று ஊரில் சொல்வார்கள். விதையைத் திரும்பத் திரும்ப வாங்க வைப்பது அவர்களுக்கு லாபம்தான், அதை மறுக்கவில்லை, ஆனால் கலைவது இயற்கையின் வேலை. பாபட்லாவில் இந்தத் தொல்லை கிடையாது, அது நிலைத்த வம்சம்.

பாபட்லாவின் தொல்லை வேறு. பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் இலை நுனியிலிருந்து ஓரம் ஓரமாகக் காய்ந்து வைக்கோல் நிறமாகும், காற்றும் மழையும் அடித்த மறுவாரம் வயலே வெளுத்துவிடும். இதற்கு எதிர்ப்பு வேறு நெல்களில் இருக்கிறது, ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் இருந்து வந்தது. ஆனால் அதோடு ஒட்டுச் சேர்த்தால் சோற்றின் குணம் போய்விடும், அப்புறம் அதைப் பாபட்லா என்று யார் வாங்குவார்கள்? இங்கே பயன்படுவது பிற்கலப்பு. பிறந்த பிள்ளையை மறுபடி பாபட்லாவோடே சேர்ப்பது, அதன் பிள்ளையை மறுபடி பாபட்லாவோடு. முதல் ஒட்டில் பாபட்லா பங்கு 50 சதவீதம், அடுத்து 75, 87.5, 93.75, நாலாவது பிற்கலப்பில் கிட்டத்தட்ட 97. ஒவ்வொரு முறையும் நோய் எதிர்ப்பு மரபணு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இல்லாததைக் கழிக்க வேண்டும்.

அதில்தான் சிக்கல். ஹைதராபாத்தில் இதைச் செய்தவர்கள் மூன்று மரபணுக்களைச் சேர்க்க விரும்பினார்கள், ஒன்றை மட்டும் வைத்தால் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்பதால். அந்த மூன்றில் இரண்டு மறைந்து நிற்கிற சீட்டு. பிற்கலப்பில் வருகிற செடியில் அவை ஒற்றையாக இருக்கும்போது வெளியே காட்டாது. மூன்றாவதோ பலமானது, நோயைத் தடவிப் பார்த்தால் அது ஒன்றே தாங்கிவிடும், மற்ற இரண்டும் இருக்கிறதா என்று தெரியாது. கண்ணால் கழிக்கவே முடியாத இடம். அதனால் நாற்றின் இலையில் துண்டு கிள்ளி டி.என்.ஏ. எடுத்து, அந்த மரபணுக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற அடையாளக் குறிகளைப் பார்த்தார்கள். வீட்டு எண் தெரியாவிட்டாலும் பக்கத்துக் கோயிலை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பது போல. கதிர் வரும்வரை காத்திருக்காமல் நாற்றங்காலிலேயே கழித்துவிடலாம். அப்படி வந்ததுதான் 2008-இல் வெளியான மேம்படுத்திய சாம்பா மசூரி. நவீன இனப்பெருக்கம் என்றால் என்ன என்று ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒட்டுச் சேர்த்த விதம் பழையதேதான், கழிக்கிற கண் மட்டும் புதுசு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கையில் வித்தியாசம் கிடைக்காவிட்டால் விதையைக் கதிர்வீச்சில் காட்டி மாற்றத்தை வரவழைக்கலாம், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் நிலக்கடலை ரகங்கள் பல அந்த வழி வந்தவை. வருகிற மாற்றத்தில் பெரும்பாலும் குப்பைதான், கழிப்பது இங்கே இரண்டு மடங்கு. வேறு உயிரின் மரபணுவையே கொண்டுவந்து செருகுவது மரபணு மாற்றம், 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் இருப்பது ஒரு மண் பாக்டீரியாவின் மரபணு. மரபணுத் திருத்தம் அதிலிருந்து வேறு, இருக்கிற மரபணுவையே ஓரிடத்தில் வெட்டி மாற்றுவது. நம் நாட்டில் இதற்கு முதலில் மாட்டியவற்றில் நம் பாபட்லாவும் ஒன்று. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கமலா என்ற நெல், சாம்பா மசூரியில் கதிரின் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிற ஒரு மரபணுவைச் செயல்படாமல் செய்து உருவாக்கியது. 20 நாள் முன்னால் அறுவடைக்கு வரும், விளைச்சலும் கூடும் என்று அறிவிப்பில் சொன்னார்கள். விதை உரிமை பேசுகிறவர்களிடம் இதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வயலில் நின்று நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்காமல் புகழவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒரு மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். மெண்டல் கணக்கில் கொஞ்சம் கொட்டாவி விட்டார், சித்தப்பா வயல் கதையில் மட்டும் நன்றாகச் சிரித்தார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ நம்ம பாபட்லாவுல விதைக்கு எடுத்து வெச்சா தப்பில்லயே?" தப்பே இல்லை, பூக்கும்போதும் அறுப்புக்கு முன்னாலும் கலவன் செடியைப் பிடுங்கிவிட்டால் போதும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சான்று விதை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்றேன். தலையாட்டினார். இந்த வருஷம் அறுப்புக்கு முன்னால் விதைக்கென்று குச்சி நட்டு ஒரு துண்டு ஒதுக்கியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். குச்சி நாலும் வரப்பிலிருந்து ஆறேழு வரிசை உள்ளே தள்ளி நட்டிருந்தது.